விலாவில் மிளகாய் மருந்து

ஆடி 4, ஞாயிறு. காற்று பலம்.

நோட்டே, பொறுத்துக்கொள். இந்தப் பக்கம் நண்டு நடந்த மணல் மாதிரி இருக்கிறது. நாலு வரிக்குள் பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது. முதியோர் வகுப்பு டீச்சர், தினமும் எழுதினால் கை பழகும் என்கிறார். "யாருக்கு எழுதறது?" என்றேன். "உங்களுக்கே எழுதுங்க, தாத்தா." எனக்கே! எழுபதுக்கு மேல் இப்படி ஒரு சுகம்.

என் சங்கதி: அக்கி. பங்குனியில், இடது விலாவில். மயிலாப்பூரில் குயவர் வீட்டு அம்மா அக்கிக்கு வழக்கமான வைத்தியமாகக் காவி குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கப் படம் எழுதினார். கொப்புளம் ஆறியது. எரிச்சல் போகவில்லை. சட்டை உரசினால் நெருப்பு.

என் மனைவி கன்னியம்மாவை மீன் கூடையோடு வண்டியில் அடையாறு கூட்டிப்போவது நின்றது. அவள் என்னைப் பிடித்தால் அலறுகிறேன். பிடிக்காமல் உட்கார்ந்து வேகத்தடையில் விழுந்தாள். இப்போது ஷேர் ஆட்டோ. கூடையைக் கண்டால் பாதி ஆட்டோ நிற்பதில்லை.

"தோலு பளபளன்னு கீது. இன்னாய்யா எரியுது உனக்கு? வண்டி ஓட்ட சோம்பேறித்தனம்" என்கிறாள்.

ஆடி 5, திங்கள். தூறல்.

பெரிய ஆஸ்பத்திரி. வலிக்கென்றே தனிப் பிரிவு! பக்கத்து வீட்டுப் புற்றுநோய்க்காரருக்குக் கொடுப்பது போல வலுவான மருந்து கேட்டேன்.

"அது அபின் வகை, ஐயா. உங்களுக்கு இப்ப வேணாம். புண்ணு ஆறிடுச்சு. நரம்பு மட்டும் இன்னும் புண்ணு இருக்குன்னே கத்திக்கிட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா.

நரம்பு கத்துமாம். என் விலாவுக்குள்.

இரண்டு மருந்து. இரவில் ஒரு மாத்திரை. மனச்சோர்வுக்குத் தருவதாம், கொஞ்சமாகக் கொடுத்தால் நரம்பை அடக்குமாம். முதலில் மயக்கம் தருமாம், அது தெளிகிறவரை வண்டி ஓட்டக்கூடாது. இன்னொன்று களிம்பு. மிளகாயின் காரத்திலிருந்து எடுத்ததாம்!

"மிளகாயா, டாக்டரம்மா?"

"முதல்ல எரியும். தடவத் தடவ நரம்பு சலிச்சுப்போய் அடங்கும். கையுறை போட்டுத் தடவுங்க."

எரிச்சலுக்கு எரிச்சலே மருந்து. வழியெல்லாம் இதே நினைப்பு. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

கன்னியம்மா: "எம்மாடி! மண்டைக்கு ஒரு மாத்திரை, விலாவுக்கு மீன் கொழம்பு!"

ஆடி 6, செவ்வாய். வெயில்.

கையுறையைக் கொடுத்தேன். தூக்கிப் போட்டாள். "மீன் ஆயற கைக்கு உறையா? திரும்புய்யா."

தடவினாள். கத்தினேன். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

அவள் விரல் முழுக்க மீன் முள் கீறல், செதில் வெட்டு. எல்லாவற்றிலும் காரம் இறங்கிவிட்டது. குழாய்க்கு ஓடினாள். தண்ணீர், மோர், நல்லெண்ணெய். அடங்கவில்லை. சாயங்காலம் வரை இரண்டு கையையும் மேசை விசிறிக்கு நேரே நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இதா? இப்டியா உனக்கு எரிஞ்சிகினு இருந்துச்சி?"

"ஆமா."

"பங்குனிலேர்ந்தா?"

"ஆமா."

விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஆடி 25, ஞாயிறு. புழுக்கம்.

மாத்திரையால் வாய் வறட்சி. வகுப்பில் தூங்கிவிட்டேன், டீச்சர் எழுப்பினார். ஆனால் இரவில் தூக்கம்! நாலு மாதத்துக்குப் பிறகு. களிம்பும் முன்போல் எரிப்பதில்லை. நானே தடவுகிறேன், உறை போட்டு.

இன்று சட்டை போட்டேன். பொத்தான் எல்லாம் போட்டேன். கன்னியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா, மாப்ள கணக்கா கீற?"

மிளகாய்ச் செடியைப் படைத்தவனுக்கு ஒரு கும்பிடு. அதற்குள் இதைக் கண்டெடுத்தவர்களுக்கு இன்னொன்று.

ஆவணி பிறந்த வாரம், புதன். நல்ல காற்று.

மயக்கம் இல்லை, வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

விடிந்ததும் கிளம்பினோம். கூடை முன்னால், கன்னியம்மா பின்னால். வலது தோளைத்தான் பிடித்தாள். திருவான்மியூர் தாண்டி, அவள் விழுந்த அதே வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. அவள் கை தானாக என் இடது விலாவுக்கு வந்தது.

"ஐயோ! எரியுதா?"

"கொஞ்சம்தான்."

"எடுத்துடவா?"

"எடுக்காத."

அடையாறு வரை எடுக்கவில்லை.

எரிச்சல் முழுதாகப் போகவில்லைதான். மீனெல்லாம் விற்றதையும், வாடிக்கைக்காரர்கள் என்னைப் பார்த்துச் சொன்னதையும் பிறகுதான் எழுத முடியும். இப்போது கன்னியம்மா வீடு திரும்ப வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறாள்.