கண்ணாடி இல்லாத அலுமாரிகள்

என் செல்லச் சண்டைக்காரி புவனத்துக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி. யுத்தம் முடிந்துவிட்டது! வெளிச்சம் வெளியே தெரியாமல் வீட்டு யன்னல்களில் ஒட்டியிருந்த கறுப்புக் கடதாசியையெல்லாம் உன் அண்ணன் கிழித்துப் போட்டார். ஓர்ஸ் ஹில் குன்றில் நின்று பார்த்தால் துறைமுகத் தண்ணீர் முழுக்கக் கப்பல் வெளிச்சம். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே எனக்கு ஒளித்தெறிப்புப் பாடம் நடத்தியிருப்பாய்.

ஆனால் சமாதானம் எனக்கு ஒரு தலையிடியையும் கொண்டுவந்தது. அரும்பொருட்களை வைத்திருக்கும் எங்கள் நூதனசாலைக்குக் கொழும்பிலிருந்து புதுக் கண்ணாடி வந்து இறங்கியது. அலுமாரிகளுக்குப் பழையபடி கண்ணாடி போட்டுப் பூட்டவேண்டும், அங்கே நடக்கும் ஆசிரியப் பயிற்சி வகுப்பு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிர்வாகக் குழுவில் கதை எழுந்தது. வேறு இடத்துக்கு எங்கே போவது? நீ விட்டுப்போன வகுப்பை நான்தானே இழுத்துப் பிடித்து நடத்துகிறேன்.

இந்தக் கடிதத்தை எங்கள் வகுப்புக்கு வரும் பெண்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பொறுமை உனக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, சித்திரை வருஷப் பிறப்புக்குச் சில நாள் இருக்கையில் ஊரில் குண்டு விழுந்ததே, அன்று நூதனசாலை யன்னல்கள் எல்லாம் நொறுங்கின. இன்னொரு குண்டு விழுந்தால் அலுமாரிக் கண்ணாடி பறந்து யாரையாவது வெட்டிவிடும் என்று அதையும் கழற்றச் சொன்னார்கள். பொறுப்பாளர் சவரிமுத்து ஐயா, பெற்ற பிள்ளைகளை வெயிலில் விட்டவர் போலக் கலங்கி நின்றார். எங்கள் பயிற்சிக் கட்டடத்தைப் படைக்காரர் எடுத்துக்கொண்டதால் அதே மண்டபத்துக்கு நாங்களும் வந்து சேர்ந்தோம். நீ கொழும்பில் விஞ்ஞானப் பட்டம் வாங்கியவள். நான் பயிற்சியில்லாமலே கிராமத்துப் பள்ளியில் கத்திக்கொண்டிருந்தவள். காலையில் உன்னிடம் படித்தோம், பின்னேரம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் படிப்பித்துப் பழகினோம்.

"பிள்ளையள் தொட்டுப் பாக்கட்டும்" என்பாய் நீ. "தொட்டால் உடையும்" என்பார் அவர். உங்கள் இருவரின் சண்டை இல்லாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை.

பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்யும் வித்தியாதரிசி பரிசோதிக்க வந்த நாளை எப்படி மறப்பது? உன் பாடம் அவருக்குப் பிடிக்காவிட்டால் வகுப்பை மட்டக்களப்புக்கு மாற்றிவிடுவார்கள். எங்களில் பல பேரை வீட்டில் அவ்வளவு தூரம் விடமாட்டார்கள். நீயோ கொஞ்சமும் யோசிக்காமல், சம்பூர்ப் பக்கம் பிடிபட்டுப் பாடம் செய்யப்பட்ட முதலையை மேசையில் கிடத்தி, பிள்ளைகளைத் தொடச் சொன்னாய். கிண்ணியாவிலிருந்து வந்த ஆமினா அதன் வாய்க்குள் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது கையில் ஒரு பல்!

"ஐயோ, என்ரை முதலை!" என்று சவரிமுத்து ஐயா ஓடி வந்தார்.

"நான் இழுக்கேல்லை டீச்சர். சும்மா ஆட்டிப் பாத்தனான், அது வந்திட்டுது" என்று ஆமினா அழத் தொடங்கினாள்.

மட்டக்களப்புக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ அந்தப் பல்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாய். அதன் அடிப்பக்கம் பொந்து. பொந்துக்குள் இன்னொரு குட்டிப் பல்.

"பழசு விழ முன்னமே புதுசு உள்ளுக்கை வளருது" என்றாய். "புத்தகத்திலை வாசிச்சனான். கண்ணாலை இண்டைக்குத்தான் பாக்கிறன். ஆமினா, உன்னாலைதான் பாத்தனான்."

பிள்ளைகள் முண்டியடித்தார்கள். "எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ" என்று வித்தியாதரிசியும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். வகுப்பு தப்பியது. சவரிமுத்து ஐயா மட்டும் ஒரு கிழமை உன்னோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத மனம் வரவில்லை. குண்டுக்குத் தப்பிய உன்னைப் போன மாரிமழையில் நுளம்பு கடித்து வந்த மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. எனக்கு உன்மேல் இன்னமும் கோபம், புவனம். இப்படியா பாதியில் விட்டுவிட்டுப் போவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுத்தான் நிர்வாகக் குழு கூடியது. அதற்குப் போகும் முன் குசினி அடுப்படியில் நின்று நான் பேச்சைப் பாடமாக்கிய சத்தத்தில் உன் அண்ணன், "போதுமப்பா, கண்ணாடியை நானே கடலிலை போட்டிட்டு வாறன்" என்று கும்பிட்டார். கூட்டத்தில் நான் வாய் திறக்க முன்னமே சவரிமுத்து ஐயா எழும்பிவிட்டார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"வந்த கண்ணாடியை யன்னலுக்குப் போடுவம்" என்றார் அவர். "மாரி வருது. சாரல் அடிச்சால் பிள்ளையள் நனைஞ்சிடுவினம். அலுமாரி அப்பிடியே திறந்து கிடக்கட்டும்."

"சாமான் உடைஞ்சால்?" என்று ஒருவர் கேட்டார்.

"உடைஞ்சால் ஒட்டுவம். நான் பிறகு என்னத்துக்கு இருக்கிறன்?"

குழு ஒத்துக்கொண்டது. வகுப்பு இங்கேயே இருக்கும், புவனம்! வெளியே வந்ததும் ஐயா என்னிடம் மெல்லச் சொன்னார்: "புவனம் பிள்ளை இருக்கேக்கை இதைச் சொல்லியிருக்கலாம். வீம்பிலை இருந்திட்டன்." அந்த வார்த்தையை நீ அல்லவா கேட்டிருக்கவேண்டும்? வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். உன் அண்ணனைக் கண்டதும் அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை புது வகுப்பு தொடங்குகிறது. உன்னைப் போலப் பட்டம் பெற்ற பெண்களும் வருகிறார்கள். என்னிடம் பட்டம் இல்லை, பயம்தான் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்வேன். அவர்கள் கை வைக்கும் இடத்தில் நானும் கை வைப்பேன். நான் கிட்டவும் போகாத அந்தக் கடற்பாம்பு கிடக்கும் போத்தலைக்கூட நானே தூக்கிக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினால் நீ சிரிக்கக்கூடாது.

உன் அண்ணனைக் கட்டி உனக்கு வாய்த்தவள், நீ போன பிறகும் உன்னை விடாதவள்,
உன் மச்சாள் வேணி