எட்டாம் அத்தியாயத்துக்கு ஆட்சேபணை

கூடுவாஞ்சேரி,
14.5.2008

அன்புள்ள ஜெபகுமாருக்கு,

செங்கல்வராயன் எழுதுவது. புனேயில் மகள் வீட்டில் நீ சௌக்கியமாக இருப்பாய். இங்கே கத்திரி வெயில். சம்பூர்ணத்துக்கு மறுபடியும் மூச்சு இளைப்பு. பகலில் தரையில் ஈரத் துணியை விரித்துப் படுத்துக் கிடக்கிறாள்.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே நாம் நடந்த காலி மனையில் ஐந்து மாடி ஏறிவிட்டது. ஏதோ கம்பெனி அலுவலகமாம். கடல் காற்று அதோடு நின்றுபோயிற்று. எங்களைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. மாலை வெயில் அதில் பட்டு எங்கள் வீட்டுக்குள் விழுகிறது. ஒரு ஜன்னலும் திறக்காது. இரவும் பகலும் ஏ.சி. ஓடப்போகிறது. அதற்கு எங்கோ நிலக்கரி எரிய வேண்டும். நாமும் ஒரு ஏ.சி. வாங்கலாம் என்று மகன் சொன்னான். முடியாது என்றேன். "இன்னாத்துக்கு இந்த வீம்பு?" என்கிறாள் சம்பூர்ணம்.

எழுத வந்தது வேறு. மக்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்ட நகரத் திட்டத்தின் வரைவை நாம் சேர்ந்து படித்தோமே, அதில் எட்டாம் அத்தியாயம் உனக்கு மறந்திருக்காது. புதுக் கட்டடங்களால் காற்றில் சேரும் கரியமில வாயுவைக் குறைக்கும் வழிகள். மேற்குச் சுவருக்கு நிழல், காற்று வர ஜன்னல், மாடியில் சூரிய வெந்நீர்க் கலம். எல்லாம் சரிதான். ஆனால் கடைசி வரியில், விருப்பமுள்ளோர் செய்யலாம் என்று போட்டிருந்தான். யாருக்கு ஐயா விருப்பம் வரும்? கட்டாயம் என்று போடு, இல்லாவிட்டால் அனுமதி கொடுக்காதே என்று நான் ஆட்சேபணை எழுதினேன். தெருத் தெருவாகப் போய் நாற்பது பேரை எழுத வைத்தேன். "யோவ் செங்கலு, மொதல்ல அது உள்ள நுழையட்டும்யா. ஆதரவுன்னு எழுது" என்று நீ கத்தினாய். நீ தனியாக ஓர் ஆதரவுக் கடிதம் போட்டாய். அன்று முதல் என் வீட்டுப் படி ஏறவில்லை. நீ ஊரை விட்டுப் போனதைப் பால்காரன் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை திட்ட அலுவலகம் போனேன். இறுதித் திட்டம் வந்துவிட்டது. புரட்டினேன். எட்டாம் அத்தியாயம் இப்போது வாகன நிறுத்தம். நம்முடையது இல்லவே இல்லை. எழுத்தரைக் கேட்டேன். "இன்னா பெரியவரே, நீங்கதானே வாணாம்னு எழுதிக் குட்த்தீங்க? எட்டுக்கு வந்த ஆட்சேபணை மொத்தமும் உங்க ஏரியாதான். ஆதரவுன்னு ஒரே ஒருத்தர்" என்றார். வேண்டாம் என்று எழுதவில்லை ஐயா, போதாது என்று எழுதினோம் என்றேன். "அதெல்லாம் யாரு பட்ச்சிகினு இருக்கறது? ஆட்சேபணை ஒரு கட்டு, ஆதரவு ஒரு கட்டு. எந்தக் கட்டு பெர்சோ அதான்" என்றார். பக்கத்தில் வரைபடச் சுருளோடு நின்ற ஒரு பில்டரின் ஆள் சிரித்தான். "தாத்தா நம்மளுக்கு நல்லா ஒத்தாசை பண்ணிகீறாரு" என்றான்.

மறுபரிசீலனை கேட்க மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது. ஆனால் என்னால் கேட்க முடியாதாம். "நீங்க கேட்டததான் செஞ்சிட்டாங்களே, அப்பால இன்னா?" என்கிறார் எழுத்தர். ஆதரவு எழுதியவர் மட்டும் கேட்கலாமாம். அப்படிக் கேட்டாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதையும் எழுத்தரே சொல்லிவிட்டார்.

வீட்டில் சொன்னதும் சம்பூர்ணம் இருமல் வரும்வரை சிரித்தாள். "ஜெபகுமார் அண்ணன் அப்பவே சொன்னாரு" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

நான் எழுதியது நியாயம். கட்டாயம் இல்லாமல் ஒருவனும் ஒரு முழ நிழல்கூடக் கட்ட மாட்டான். சாகும்வரை இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த அத்தியாயமே இல்லாத திட்டத்தில் கட்டாயம் என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எனக்கு நம்பிக்கை இல்லை. ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். அந்தக் கண்ணாடிகளை இனி யாரும் கழற்றப்போவதில்லை. சம்பூர்ணம் அடுத்த கத்திரியை எப்படித் தாண்டுவாள் என்று தெரியவில்லை. இருந்தாலும் நீ எழுது. எட்டாம் அத்தியாயம் வேண்டும், முன்பு இருந்தபடியே வேண்டும் என்று எழுது. கட்டாயம் என்று சேர்க்காதே. என் பெயரையும் எங்கும் குறிப்பிடாதே. என் பெயரைப் பார்த்தால் அதையும் அந்தப் பெரிய கட்டில் சேர்த்துவிடுவார்கள்.

பேத்தி வைஷாலிக்கு எங்கள் ஆசி. அவள் குடியிருக்கப்போகும் வீட்டில் எந்நாளும் காற்று வரட்டும். நீ எப்போது வருவாய் என்று சம்பூர்ணம் கேட்கச் சொன்னாள். காலையில் நான் இப்போது ரயில் நிலையம் வரை தனியாகத்தான் நடக்கிறேன்.

எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. அலுவலகத்துக்குப் போடு.

இப்படிக்கு,
செங்கல்வராயன்