வால் தகட்டில் ஓர் ஆட்டம்

12 மார்ச் 2009, வியாழன்

காலையிலேயே வெயில். மாசி மகக் கூட்டம் வடிந்துவிட்டது, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

வேலை: அனுமதிக் கடிதம் நகல் 2. ஓடுபாதைக்கு ஏற்றிப்போக லாரிக்குப் போன். விமானத்தைத் துடைக்க.

நான் பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. விமானம் துடைக்கிறேன் என்றால் அப்பா நம்பவில்லை. பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் விமானம் ஏது என்கிறார். முதலாளி பாஸ்கர் அண்ணன் பின் ஷெட்டில் நாலு வருடமாகக் கட்டியதை அப்பா வந்து பார்த்தால்தான் நம்புவார். வரும் ஞாயிறு அது முதல்முறை பறக்கப்போகிறது. ஓட்டுவதும் அண்ணனே.

கட்டைகளைத் தரம் பிரிக்கும் பெண்கள் விமானத்துக்கு வைத்த பெயர் ‘கோழி’.

துடைக்கும்போது ஒன்று. வால் இறக்கையின் பின்விளிம்பில் உள்ளங்கை அகலத் தகடு. ஓட்டுபவர் கைக்குப் பாரம் குறைப்பது. விரலால் தள்ளினேன். டக் டக். நேற்று இன்ஜின் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பு இந்த ஆட்டம் இல்லை.

வரைபடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதியது நான்தான்: துளி ஆட்டமும் கூடாது. வேகத்தில் தகடு தானாகப் படபடக்கும், அந்த அதிர்வு வாலையே பிய்த்துவிடும்.

சொல்லவில்லை. அண்ணன் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். நாளை.

13, வெள்ளி

இரண்டு முறை அண்ணன் மேசை வரை போனேன். முதல் முறை ஸ்டாப்ளர் பின் கேட்டேன். இரண்டாம் முறையும் அதையே.

மதியம் தரம் பிரிக்கும் கற்பகம் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா சோற்றை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“அடிப்பாவி, அந்தாளு மேல போவப்போறாரு. நீ பின்னு வாங்கினு வரியா?”

தூக்கம் சரியில்லை.

14, சனி

லாரி வந்துவிட்டது. வாலைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள்.

“ஏத்தாதீங்க!”

என் குரல்தான். இவ்வளவு சத்தம் எனக்கு உண்டென்று தெரியாது. லாரி டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

அண்ணன் வந்து தகட்டை ஆட்டினார். “இது என்னாம்மா, அரை மில்லி. உள்ள இருக்கிறது நம்ம சூளை புஷ்ஷு. தேயாது, துரு பிடிக்காது.”

அதுதான் விஷயம். புஷ் என்பது தகட்டை அசைக்கும் தண்டு மாட்டும் வளையம்; உலோகத்தில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வரத் தாமதம் என்று, பீங்கானில் அவரே சுட்டுப் போட்டிருக்கிறார். தெருவுக்குத் தெரு பீங்கான் சூளை உள்ள இந்த ஊர்க்காரருக்குத்தான் அப்படித் தோன்றும்.

“தேயாதுண்ணா. அதிர்வுல வெடிப்பு விடும்.”

“வெடிச்சா தெரியாதா?”

“கழட்டிக் குடுங்க மொதலாளி,” என்று கை நீட்டினாள் க. அக்கா. ஃபியூஸ் கட்டைகளைத் தட்டுவதுபோல அதையும் இன்னொரு புது வளையத்தால் தட்டினாள். நல்லதென்றால் கணீரென்று கேட்கும். இது ‘தொப்’.

“செத்துப்போச்சு. இத ஃபியூஸு கட்டைல பாத்தா தூக்கிப் போடுவேன். நீங்க ஏறிப் போறேன்றீங்க.”

மை தடவித் துடைத்தோம். மயிரிழைக் கோடு, பாதி சுற்று வரை.

அண்ணன் வளையத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, “லாரிய திருப்பி அனுப்பு, அமுதா.”

சாயங்காலம் பேக்கரியில் தேங்காய் பன், இரண்டு.

22, ஞாயிறு

மேகமில்லை, காற்று குறைவு. உலோக புஷ் மாட்டியாயிற்று. ஓடுபாதையில் அண்ணன் நோட்டை நீட்டினார். ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து. டிகிரியோடு போடச் சொன்னார். போட்டேன்.

கோழி பறந்தது! இரண்டு சுற்று. க. அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டை நெரித்தாள். “எறங்கிட்டாரா? எறங்கிட்டாரா?”

இறங்கினார். இன்ஜின் நின்றதும் கத்தினார்: “தகட்ட சரி பண்ணி வச்சிட்டு, கைய வுட்டுட்டேன்! நேரா போச்சுது!”

“கைய வுட்டீங்களா? ஒங்க வூட்டு அக்காகிட்ட சொல்லிடறேன் இருங்க,” என்றாள் க. அக்கா.

எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நான் வால் பக்கம் போய்த் தகட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். யாரையும் கேட்கவில்லை.