இரண்டாவது ஊசி

நாள் 212 — 09.10
செவ்வாய்க் கிரகம், வடசமவெளி ஆய்வு நிலையம். இந்தக் குறிப்பு யார் கைக்குக் கிடைத்தாலும் புரிவதற்காக: எழுதுவது உமையாள், இதயத்தசை ஆய்வாளர். நிலையத்தில் நாங்கள் இருவர்தான். மற்றவர் பொறியாளர் தொபியாஸ், வயது 69, குளச்சல்காரர். வயதான இதயம் இங்கே எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கத்தான் அவரை அனுப்பினார்கள். இயந்திரங்களையும் அவரே கவனித்துக்கொள்கிறார்.

புறப்படும் முன் அவர் இதயத்திலிருந்து எடுத்த தசைத் துணுக்குகள் ஆறு. 26 வயதுக் கொடையாளி ஒருவருடையவை ஆறு. எல்லாம் ஊட்டக் கரைசல் தட்டில் துடிக்கின்றன. காற்று, மின்சாரம் சரி.

நாள் 215 — 11.40
அட்ரினலின், ஒரு சொட்டு. இளைய துணுக்குகள் இரண்டு மடங்கு வலுவாகச் சுருங்கின. தொபியாஸ் அண்ணனுடையவற்றில் கால் பங்குதான் கூடியது. வயதாக ஆக, அட்ரினலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இதயச் செல்களில் குறைகின்றன. இருப்பவையும் செய்தியை உள்ளே சரியாகக் கடத்துவதில்லை.

அவருடையவற்றுக்கு மட்டும் அளவை இரட்டிப்பாக்கினேன். வலு கூடவில்லை. நான்கு துணுக்குகள் தாளம் தப்பின. இரண்டு நின்றேவிட்டன.

அவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றுபோன இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

நாள் 216 — 08.30
வெளியே போகும்போது அணியும் உடையில் அவசர அட்ரினலின் ஊசிகள் இரண்டு உண்டு. உடல் எடைக்குக் கணக்கிட்ட அளவு. வயது அந்தக் கணக்கில் இல்லை. பூமிக்கு எழுதினேன்.

பதில்: "அடுத்த குழுவுக்கு மாற்றித் தருகிறோம். அதுவரை உங்கள் முடிவுப்படி செய்யவும்."

நாள் 219 — 10.05
பனிக்கிணற்றில் பம்பு நின்றுவிட்டது. ஒன்பது கிலோமீட்டர் தூரம். தொட்டியில் ஆறு நாள் தண்ணீர். வண்டி ஒன்றுதான், அதில் ஒருவருக்கே இடம். நான் போகிறேன் என்றேன். ஆனால் அந்தப் பம்பைப் பிரிக்க எனக்குத் தெரியாது. அவர் கிளம்பினார்.

13.22
வானொலியில் அவர்: "உமையா, தண்ணி வருது. ஆனா எனக்குக் கண்ணு இருட்டிட்டு வருது மக்ளே."
அவர் உடையிலிருந்து என் திரைக்கு வருவது: நாடி 38. ரத்த அழுத்தம் இறங்குகிறது. முதல் ஊசியைப் போடச் சொன்னேன்.

13.29
நாடி 44. அழுத்தம் கொஞ்சம் ஏறி, அதோடு நின்றுவிட்டது. வண்டி தானாகவே நிலையத்துக்குத் திரும்புகிறது.

13.36
நாடி 36.
"அடுத்ததப் போடட்டா?"
"வேண்டாம் அண்ணே. தாளத்தக் கெடுத்துரும். கால நீட்டிப் படுத்துக்குங்க. வந்துருவீங்க."
"நீ பாத்திருக்கியே. நீ சொன்னா சரிதான்."

13.51
"செலின்கிட்ட..."
பிறகு மூச்சு மட்டும். நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

13.58
நாடி இல்லை.

15.10
14.20-க்கு வண்டி வாசலுக்கு வந்தது. நாற்பது நிமிடம் மார்பை அழுத்தினேன். இரண்டாவது ஊசியையும் போட்டேன். இனிக் கெடுவதற்குத் தாளம் இல்லை.

நாள் 220 — 07.00
அவருடைய துணுக்குகள் நான்கு இன்னும் துடிக்கின்றன. கரைசல் மாற்றும் நேரம். மாற்றினேன்.
தட்டில் இருப்பது முழு இதயம் இல்லை. நரம்பு இல்லை, ரத்தம் இல்லை. ஆறே ஆறு துணுக்குகள். அதை நம்பி வேண்டாம் என்றேன்.

நாள் 221 — 16.05
பூமியிலிருந்து, அவர் மனைவி:
"டாக்டரம்மா, நான் செலின். உடுப்புல ரெண்டு ஊசி உண்டுன்னு அவிய சொல்லியிருக்காவ. ஒரு காரியம் மட்டும் நீங்க சொல்லணும். அவிய ரெண்டாவது ஊசி கேட்டாவளா?"

16.31
அனுப்பினேன்: "கேட்டாங்க அக்கா. நான்தான் வேண்டாம்னேன். போட்டிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியல. கடைசி வரைக்கும் அவங்ககிட்டப் பேசிக்கிட்டேதான் இருந்தேன்."
போய்ச் சேரப் பதினான்கு நிமிடம். திரும்பி வரப் பதினான்கு.

16.59
ஒன்றுமில்லை.

17.40
ஒன்றுமில்லை.

நாள் 222 — 06.15
வந்திருக்கிறது.
"நீங்க மறைக்கல்லியே, அது போதும். எனக்குக் கோவம் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவிய ஒத்தைக்குப் போவல்ல. உங்க சத்தத்தக் கேட்டுக்கிட்டே போனாவ. இப்போ நீங்கதான் அங்க ஒத்தைக்கு. சாப்பிட்டியளா மக்ளே?"

மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. கப்பல் வர 240 நாள் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டும்.

06.50
ஒலிவாங்கியை மூன்று தரம் எடுத்தேன், வைத்தேன். எழுதியே அனுப்பினேன்: "இன்னும் இல்ல அக்கா. இப்போ சாப்பிடுறேன்."