இரண்டு நாட்காட்டிகளை ஒன்றாக்கிய பிறகு, அக்காவுக்கு

வேலிக்கு அப்பால் நின்று என்னோடு வாதாட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் அக்காவுக்கு,

உன் ஆண்டு நினைவுக்கு மலர் ஒன்று அச்சிடுகிறார்கள். அதில் ஒரு பக்கம் நான் எழுத வேண்டும் என்று உன் மகள் மாலினி கேட்டாள். புன்னகை மாறாதவள், பொறுமையின் வடிவம் என்றெல்லாம் எழுத என்னால் முடியாது. நீ பொறுமைசாலியாக இருந்ததே இல்லை. அதனால் புகழுரையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, நான் உனக்குச் செய்தி எழுதுகிறேன்.

செய்தி இதுதான்: நான் பயந்துபோயிருக்கிறேன். உன் மறதி எனக்கும் வந்துவிட்டதோ என்று பயம்.

உனக்கு அது எப்படித் தொடங்கியது? கேட்டிருக்கக்கூடிய காலத்தில் எனக்கு விளங்கவில்லை. விளங்கிய காலத்தில் உன்னிடம் பதில் இல்லை. காலையில் வேலியருகே வந்து நின்று, "இண்டைக்கு என்ன கிழமை எண்டு சொல்லு பாப்பம்" என்பாய், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்த என்னையே சோதிப்பவள்போல. நானும் எரிச்சலோடு பதில் சொல்வேன். நீ தலையாட்டிவிட்டு உள்ளே போவாய். நீ கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறாய் என்பது எனக்கு வெகு பிந்தித்தான் உறைத்தது. முதலில் நாட்கள் போயின, பிறகு பெயர்கள், கடைசியில் முகங்கள். அப்படித்தானே?

இப்போது என் நாட்களுக்கு வருகிறேன்.

என் கையடக்கத் தொலைபேசியில் இரண்டு நாட்காட்டிகள் இருந்தன. ஒன்று தொலைபேசியோடு கூடவே வந்தது. அதில் நான் எழுதுவேன். மற்றது மின்னஞ்சலைச் சேர்ந்தது. அதில் டொரொண்டோவிலிருக்கும் என் மகன் குகன் எனக்குரிய கிளினிக் நாட்களை எழுதுவான். ஒரே வளவுக்குள் கோபித்துக்கொண்டு வாழும் இரண்டு குடும்பங்களைப் போல, இதில் நடப்பது அதற்குத் தெரியாது. எது மணியடித்தாலும் நான் எழுந்து புறப்படுவேன். அந்த மணிகளை அவ்வளவு நம்பினேன்.

முதலில் கண் கிளினிக். மணி பின்னேரம் அடித்தது. நல்ல சேலையொன்றை உடுத்து, முச்சக்கர வண்டி பிடித்து, கல்லடிப் பாலத்தைக் கடந்து போனேன். கிளினிக் காலையோடு முடிந்து, கதவு பூட்டியிருந்தது. காவலாளி மட்டும் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கண் கிளினிக் காலத்தாலதானே. இப்ப வந்து ஆரப் பாக்கப் போறீங்க, என்னயா?"

"ஒங்களப் பாக்கிறதுக்குக் கண்ணாடியே தேவல்ல" என்றேன்.

வாய்க்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பாலத்தில் காற்று அடிக்க அடிக்க, என் கை வண்டியின் முன்கம்பியை விடவேயில்லை.

பிறகு கண்ணகி அம்மன் சடங்கு. நம் குடி வம்சத்துக்கென்று ஒதுக்கிய நாளில் பூசைக்கு மடைப்பெட்டி கொண்டுபோவது உன் பொறுப்பாக இருந்தது. நீ போனபின் என்னுடையதாயிற்று. வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் பெட்டியில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, மணியடித்த நாளில் தலையில் வைத்துக் கொண்டுபோனேன். கோயில் வாசலில் வேறொரு குடியினர் கூடி நின்றார்கள். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர், என் பழைய மாணவர், அவசரமாக ஓடிவந்தார்.

"டீச்சர், இண்டைக்கு இவங்கட பூசை. ஒங்கட குடிக்கு இன்னும் நாள் கிடக்கு. இந்த வயசில குடி மாறிட்டீங்களா என்ன?"

தாய்வழியில் வந்த குடியை எவரும் மாற்ற முடியாது என்பதால் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ செவ்வாய்க்கிழமையில் வெள்ளிக்கிழமை விரதத்துக்குச் சமைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து சிரித்தாயே, அந்தச் சிரிப்பு. அது என் தொண்டையிலிருந்து வந்ததை என் காதாலேயே கேட்டேன்.

மூன்றாவது, ஸீனத் டீச்சரின் விருந்து. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். காத்தான்குடியில் மகளோடு இருக்கிறாள். பகற்சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். நான் போகவில்லை. பிற்பகலில் அழைப்பு வந்தது.

"டீச்சர், ஒங்களப் பாத்துப் பாத்து சோறும் ஆறிப் பெய்த்து. மறந்திட்டீங்களா, இல்லாட்டி என்ட இறால் கறிக்குப் பயந்து ஒளிச்சிட்டீங்களா?"

"போன் அடிக்கல்ல, ஸீனத்."

"போனுக்கென்ன? அதுக்கா பசிக்கிற?"

அன்றிலிருந்து என் மீது நானே காவல் வைத்தேன். வகுப்பில் படிப்பித்த ஆறுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் தவறவில்லை. ஆனால் மாலினியை யாரென்று கேட்ட நாளிலும் நீ தேவாரத்தை ஓரடி பிசகாமல் பாடினாய். ஆகவே அந்தச் சோதனையால் என்ன பயன்? உன் அரிசிப் பானைக்குள்ளிருந்து சாவிக்கொத்தையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்தோம், நினைவிருக்கிறதா? இப்போது நான் அரிசி எடுக்கும்போதெல்லாம் பானையின் அடிவரை கையை விட்டுத் துழாவுகிறேன். ஒன்றும் அகப்படுவதில்லை. அந்த ஆறுதல் சோறு வேகும்வரைகூட நிலைப்பதில்லை.

கடைசியில் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மாலினியிடம் போனேன். உன் வீட்டில்தான் இருக்கிறாள். உனக்குப் பின் அவளுக்கு வந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை, பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். பழுது தொலைபேசியில்தான் என்று அவள் வாயால் கேட்க வேண்டும், அதற்காகவே போனேன்.

"ரெண்டயும் ஒண்டாச் சேத்து விட்டாச் சரி, சின்னம்மா" என்றாள். "புதுசா ஒண்டும் இறக்கத் தேவல்ல. போனுக்குள்ளயே வழி இரிக்கு."

அமைப்புகளுக்குள் போனாள்; அங்கே கணக்குகள் என்ற இடத்தில் என் மின்னஞ்சல் கணக்கைச் சேர்த்தாள்; அதன் கீழே நாட்காட்டி என்றிருந்ததைத் தொட்டாள். அவ்வளவுதான். குகன் எழுதியவை நீல நிறத்திலும் நான் எழுதியவை பச்சை நிறத்திலும் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. இரண்டிலும் எழுதப்பட்ட காரியங்கள் இரட்டையாகத் தெரியும், ஒன்றை அழித்துவிடலாம் என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கண் கிளினிக்கைக் குகன் காலை என்றுதான் எழுதியிருக்கிறான், ஆனால் டொரொண்டோ நேரத்தில். அங்கே காலை விடியும்போது இங்கே பின்னேரம். தொலைபேசி ஒழுங்காகக் கணக்குப் பார்த்து மாற்றித் தந்திருக்கிறது. புவியியலில் பட்டம் பெற்று, உத்தியோக காலம் முழுவதும் நேர வலயம் படிப்பித்த நான், அதைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவடியில் நின்றிருக்கிறேன்.

சடங்கு நாள் என் கைவேலை. போன வருடத்துத் திகதியை எழுதி, "ஒவ்வொரு வருடமும்" என்று கொடுத்துவிட்டேன். வைகாசிப் பூரணையைப் பார்த்து வைக்கும் சடங்கு எந்த வருடம் அதே திகதியில் வந்திருக்கிறது? தொலைபேசிக்கு நிலவைப் பற்றி என்ன தெரியும்?

"இது ஆரும் விடுற பிழதானே, சின்னம்மா" என்றாள் மாலினி.

அக்கா, நான் சத்தமாகச் சிரித்தேன். வெறும் முட்டாளாக இருப்பது அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பிட்டுக்குச் சீனி போதாது என்று குறைகூடச் சொன்னேன்.

அப்போது மாலினியின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஸீனத் டீச்சர் வீடு ஏன் மூண்டு தரம் கிடக்கு?"

"நீதானே சொன்ன, சேத்தா இரட்டையா வரும் எண்டு."

"ஓம், வரும். அப்பிடி வந்தா ஒண்டு நீலம், ஒண்டு பச்ச. இது மூண்டும் பச்ச, சின்னம்மா."

மூன்றும் பச்சை. மூன்றும் வெவ்வேறு நாட்களில்; இரண்டு இனித்தான் வரவேண்டிய நாட்கள். ஒன்றில் "ஸீனத் வீட்டில் பகற்சாப்பாடு" என்றிருந்தது. இன்னொன்றில் "பகற்சாப்பாடு, ஸீனத் டீச்சர்". மற்றதில் "ஸீனத் அழைத்திருக்கிறாள். மறந்துவிடாதே". மூன்றில் ஒன்று சரியான நாளிலேயே இருந்தது. அன்று மணி அடித்திருக்க வேண்டும், அதை நிறுத்தியது என் கையாகத்தான் இருக்க வேண்டும். முதலாவதை எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. மற்ற இரண்டையும் எழுதியதாக நினைவே இல்லை. குகன் எழுதவில்லை. நேர வலயம் எழுதவில்லை. "மறந்துவிடாதே" என்று எழுதியவள் பயந்துபோய் எழுதியிருக்கிறாள். அவள் என் வீட்டுக்குள் இருந்திருக்கிறாள், என் விரலால் எழுதியிருக்கிறாள், எனக்கு அவளைத் தெரியவில்லை.

மாலினி உன்னோடு இருந்து இப்படியான காலைகளுக்குப் பழகியவள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ரெண்ட அழிச்சிடவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அழித்துவிடு என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அழித்தால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே ஒரு கிழமையில் தெரியாமல் போகலாம். உனக்கும் இப்படியொரு காலை வந்ததா? யாருமில்லாமல் நீ மட்டும் இருந்து எதை எதை அழித்தாய்? நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேனே.

"அழிக்காத. டொக்டர் பாக்கோணும்" என்றேன்.

நாட்காட்டியை இன்னொருவரோடு பகிரவும் அதற்குள்ளேயே வழி இருக்கிறது. மாலினி தன் பெயரைச் சேர்த்து, மரியாதைக்காக, "பார்க்க மட்டும்" என்பதைத் தொடப் போனாள்.

"மாத்தவும் விடு."

"சின்னம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. பிறகு நான் எழுதுறதெல்லாம் ஒங்கட போனில வந்து நிக்கும். நான் அழிச்சா அழியும்."

"நிக்கட்டும்."

"ஏசுவீங்க."

"ஏசுவன்தான். எண்டாலும் எழுது, புள்ள."

என் நாட்களின்மேல் இன்னொருவருக்கு இவ்வளவு அதிகாரத்தை நான் கொடுத்ததில்லை, கட்டியவருக்குக்கூட. அவள் செம்மஞ்சள் நிறத்தில் எழுதிய முதல் காரியம், ஞாபக மறதிக்குப் பார்க்கும் வைத்தியரிடம் போகும் நாள். தொலைபேசியைத் திறக்கும்போதெல்லாம் அந்த நிறம் தெரிகிறது. திறக்காதபோதும் தெரிகிறது. அந்த நாள் வரக்கூடாது என்றும், கெதியாய் வந்து போய்விட வேண்டும் என்றும், ஒரே மூச்சில் நினைக்கிறேன்.

வயதின் சாதாரண மறதி என்று அவர் சொல்லக்கூடும். சொல்லாமலும் விடக்கூடும். எதுவானாலும், மாலினி பக்கத்தில் இருக்கும்போதே கேட்பேன். குகனுக்கு அன்றே சொல்லச் சொல்வேன். நீ கடைசிவரை உள்ளே வைத்திருந்ததை நான் வைத்திருக்க மாட்டேன். இதுதான் உனக்கு என் வாக்கு.

இந்தக் கடிதத்தை மலரில் போட வேண்டாம், சனம் என்ன சொல்லும் என்று மாலினி அழுகிறாள். ஒரு சொல்லும் குறைக்காமல் போடச் சொல்லியிருக்கிறேன். மலர் வீடு வீடாகப் போகும். கோயிலடியிலும் காத்தான்குடியிலும் படிப்பார்கள். நாளைக்கு நான் நாள் தெரியாமல், இடம் தெரியாமல் எங்காவது நின்றால், படித்தவர்கள் ஒருவராவது சிரிக்காமல் கையைப் பிடித்து என்னை மாலினியிடம் கொண்டுவந்து விடுவார்கள்.

இன்றைக்கு உன்னை நன்றாக நினைவிருக்கும்,
உன் ஒரே தங்கை,
தவமணி