இரண்டாவது வரியில் உங்கள் பெயர்

அக்கா,

இன்று பின்னேரம் மயூரி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். செப்டெம்பர் பிறந்தால் வருவதுதான், உங்களுக்கும் தெரியும். பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால் யாருக்கு அறிவிப்பது, யார் வந்து கூட்டிப்போகலாம், அவர் பிள்ளைக்கு என்ன உறவு. அவளுக்குப் பதினாறு வயதாகிவிட்டது. எல்லாவற்றையும் அவளே நிரப்பிவிடுவாள், நான் கீழே கையெழுத்து வைத்தால் போதும். பேனாவை எடுத்தவள் அப்படியே இருந்துவிட்டேன். முதலாவது வரியில் என் பெயர். இரண்டாவது வரியில் உங்கள் பெயர். உறவு என்ற இடத்தில் அன்ரி.

உங்களை ஜூனில் அடக்கம் செய்தோம்.

"மயூரி, உதென்ன எழுதி வைச்சிருக்கிறாய்?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

படியில் பாதி ஏறியவள் திரும்பிப் பார்த்தாள். "ஐ நோ, அம்மா. வேற ஆற்ற பேரை எழுதுறது?"

மில்லிக்கனில் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் காரின் நிறம் தெரியும், அவருடைய பெயர் தெரியாது. அவருக்கு என் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஸ்காபரோவில் நாம் முந்தி இருந்த அந்த ஏழாம் மாடியில் உங்களைத் தெரியாமல் ஒருவரும் குடியிருக்க முடியாது. நாங்கள் சாமான் இறக்கிய அன்றைக்கே வந்து கதவைத் தட்டினீர்கள். நான் உங்கள் பெயரைக் கேட்டு, அதைச் சரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "பேர் சொல்லிக் கூப்பிடாத. உங்கட ஊரில மூத்தவளை எப்பிடிக் கூப்பிடுவினம்?" அக்கா என்றேன். "அப்ப நான் அக்கா." அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. நாம் பேசியது இங்கிலிஷ், உங்களுடையது கானா நாட்டு இங்கிலிஷ், என்னுடையது யாழ்ப்பாணத்து இங்கிலிஷ். ஆனால் என் காதில் நீங்கள் சொன்னதெல்லாம் தமிழாகத்தான் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மயூரி என்ன கிழமை பிறந்தவள் என்று அடுத்துக் கேட்டீர்கள். வெள்ளி என்றேன். உங்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! உங்கள் இளையவன் கோஃபியும் வெள்ளிக்கிழமைப் பிள்ளை. வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபுவா, அது உங்கள் ஊர் வழக்கம். அன்றிலிருந்து என் பிள்ளைக்கு உங்கள் வீட்டில் அஃபுவா என்று பெயர். பெயர் வைக்க என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் அதைப் பகிடியாகத்தான் எடுத்தேன்.

நான் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி கட்டப் போவேன். இவர் லொறியோடு போனால் திரும்ப நாலைந்து நாளாகும். நீங்கள் பின்னேரத்தில் கந்தோர்கள் துப்புரவு செய்யப் போகும்வரை வீட்டில் இருப்பீர்கள். உங்கள் கதவு ஒருநாளும் பூட்டியிராது, இடுக்கில் ஒரு ரப்பர்ச் செருப்பை மிண்டுகொடுத்து வைத்திருப்பீர்கள். மயூரி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தச் செருப்பைத் தாண்டி உங்கள் வீட்டுக்குள் போய்விட்டுத்தான் என் வீட்டுக்கு வருவாள். உள்ளே ஒரு பெரிய கோப்பையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகச் சாப்பாடு. மீனையும் இறைச்சியையும் உங்கள் மூத்தவன் பிரிக்க வேண்டும், பிரித்தவன் கடைசியாக எடுக்க வேண்டும். அவன் துண்டுகளை அளந்து அளந்து வெட்டுவதைப் பார்த்தால் நகைக்கடைக்காரன் தோற்றுப்போவான்.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை என்று ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மயூரிக்கு உங்கள் மீன் பொரியல் என்றால் உயிர். ஒரு வெள்ளி நான் வேலை முடிந்து வந்தபோது அவள் உங்கள் குசினியில் நின்று ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு என்று கெஞ்சிக்கொண்டு நின்றாள். "அம்மாவுக்குத் தெரியாது அன்ரி." நீங்கள் அகப்பையால் கதவைக் காட்டினீர்கள். "உன்ர அம்மான்ர சட்டம் இந்த வீட்டிலயும் சட்டம்தான்." உண்மையில், உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் ஒரு துண்டு கொடுத்திருப்பேன்.

இவ்வளவும் இருந்தும்தான் நான் உங்களோடு சண்டை பிடித்தேன்.

அப்போது மயூரிக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை அழுதழுது வீட்டுக்குள் வந்தாள். நீங்கள் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனீர்களாம், அங்கே தடியூன்றி நடக்கும் கயானா நாட்டுக் கிழவரின் கதவைத் தட்டி அவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தீர்களாம், எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனம் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். "ஷீ இஸ் நொட் ஈவன் மை மொம்," என்றாள். என்ன செய்தாய் என்று நான் அவளைக் கேட்கவேயில்லை. சனம் பார்த்தது என்ற சொல்லோடு என் தலை சூடேறிவிட்டது.

உங்கள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டேன், நீங்கள் கையில் மாவோடு வந்தீர்கள்.

"என்ர பிள்ளைக்குத் தாய் இன்னும் செத்துப் போகேல்லை. அவளைத் திருத்த நீங்கள் ஆர்?" என்று கத்தினேன்.

"நீ சின்னப் பிள்ளையா இருக்கேக்க உன்னைத் தாய் மட்டுந்தான் ஏசினவவோ?"

"அது ஊர். அது வேற."

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "பிளேன் ஏறினவுடன பிள்ளை ஒரு ஆளின்ர சொத்தாப் போச்சுதோ?" என்று கேட்டீர்கள். நான் என் வீட்டுக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

இவ்வளவு காலமும் நான் யாருக்கும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் எந்த மாமியும் என் காதைத் திருகலாம், கடைக்கு அனுப்பலாம், அம்மா பார்த்துக்கொண்டு நிற்பா. அப்படி வளர்ந்தவள்தான் நான். அந்தக் கட்டடத்திலும் ஒரு தமிழ் அன்ரி மயூரியை ஏசியிருந்தால் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பேன். நீங்கள் கறுப்பி என்பதால்தான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் கோப்பையில் என் பிள்ளை சாப்பிடலாம், உங்கள் வாயால் ஏச்சு வாங்கக் கூடாது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மயூரியின் கழுத்தில் வீட்டுத் திறப்பைக் கட்டிவிட்டேன். நேரே வீட்டுக்கு வா, கதவைப் பூட்டு, ஒருத்தருக்கும் திறக்காதே. அவள் உங்கள் செருப்பைக் கடந்து போக ஒவ்வொரு நாளும் தலையைக் குனிந்துகொள்வாளாம். இதைப் பிறகுதான் சொன்னாள்.

சண்டை நடந்து இரண்டாவது கிழமையில், நல்ல பனிகொட்டுகிற ஒருநாள், வேலைத்தலத்தில் என்னை ரெலிபோனுக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக் கந்தோர். மயூரிக்குக் கடுமையான காய்ச்சல், சத்தி எடுக்கிறாள். கோஃபி மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான், நீங்கள் போட்ட உடுப்போடு வெளிக்கிட்டுப் போயிருக்கிறீர்கள். "உங்கள் மகளின் அன்ரி என்று ஒருவர் வந்து நிற்கிறார். படிவத்தில் பெயர் இல்லை. அவர் உங்களுக்கு என்ன உறவு? பிள்ளையை அனுப்பலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஷீ இஸ் நோபடி," என்றேன். அனுப்ப வேண்டாம், நான் வருகிறேன் என்றேன்.

பிறம்ரனிலிருந்து பஸ் மாறி மாறி வந்துசேர இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பனியில் பஸ் அசைந்தால்தானே. அவ்வளவு நேரமும் என் பிள்ளை தெரியாத ஆட்களோடு தனியாகக் கிடக்கிறாள், அதை நானே செய்துவைத்தேன் என்று கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு வந்தேன்.

அவள் தனியாகக் கிடக்கவில்லை. கந்தோர் வாசலில் இருந்த வாங்கில் நீங்கள் நிமிர்ந்து இருந்தீர்கள். மயூரி உங்கள் மடியில் நித்திரை. நீங்கள் இடுப்பில் சுற்றும் அந்த நீலமும் மஞ்சளுமான துணியால் அவளைக் கழுத்துவரை போர்த்தியிருந்தீர்கள். கூட்டிக்கொண்டு போக விடமாட்டோம் என்றார்களாம், அப்படியென்றால் இருக்கவும் தடையா என்று கேட்டீர்களாம். தடை இல்லை என்றதும் இருந்துவிட்டீர்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரம் கடந்துகொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் எழும்பி, பிள்ளையைத் தூக்கி என் தோளில் சாய்த்தீர்கள். "மூண்டு தரம் சத்தி எடுத்தவள். தண்ணி மட்டும் பருக்கினனான். மருந்து குடுக்கேல்லை, உன்னைக் கேளாமல் எப்பிடிக் குடுக்கிறது?" அதைச் சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனீர்கள். நான் ரெலிபோனில் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? அந்த மேசைக்கு முன்னால்தானே நின்றிருப்பீர்கள். விழாமல் எப்படி இருந்திருக்கும்?

வீட்டுக்கு வந்து காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் மயூரி தானாகவே சொன்னாள். அந்தக் கிழவர் ஒரு கையில் தடியும் மற்றக் கையில் பைகளுமாக லிஃப்றை நோக்கி வர, இவளும் சிநேகிதிகளும் சிரித்துக்கொண்டு கதவு மூடும் பொத்தானை அமத்தினார்களாம். பின்னால் நீங்கள் நின்றதை இவள் காணவில்லையாம்.

எங்கள் வீட்டில் வாயால் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை. நாங்கள் சமைப்போம். அடுத்த ஞாயிறு காலை இடியப்பம் அவித்து, சொதி வைத்து, சம்பல் இடித்து உங்கள் துணியையும் தோய்த்து மடித்துக்கொண்டு வந்து செருப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீங்கள் துணியைப் பார்த்தீர்கள், சட்டியைப் பார்த்தீர்கள். வாசலில் நின்றபடியே ஒரு இடியப்பத்தைச் சம்பலோடு பிய்த்து வாயில் வைத்தீர்கள்.

"உறைப்புக் காணாது," என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நீங்கள் அதைக் கவனிக்காதவர் மாதிரி ஒரு தட்டில் கொஞ்சம் பிரித்துப் போட்டு, என் பின்னால் நின்ற மயூரியிடம் நீட்டினீர்கள். "அஃபுவா, இதை நாலாம் மாடிக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா." அவள் தட்டை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தாள். நீங்களும் பார்த்தீர்கள்.

"போ," என்றேன். "அவருக்கு குட் மோர்னிங் சொல்லிக் குடு."

அந்த வருடம் செப்டெம்பரில்தான் முதன்முதலாக உங்கள் பெயரை இரண்டாவது வரியில் எழுதினேன். வருடா வருடம் எழுதினோம். நீங்கள் பிறம்ரனுக்குப் போன பிறகும், நாங்கள் இங்கே வந்த பிறகும், ஒரு மணித்தியாலம் கார் ஓடினால்தான் நீங்கள் வரமுடியும் என்று தெரிந்தும் எழுதினோம். வருவீர்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் செத்தவீட்டுக்கு நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். மண்டபம் முழுக்க உங்கள் ஊர்த் துக்க உடுப்பு, கறுப்பும் சிவப்பும். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தி வெள்ளை. கூசிப்போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். மூத்தவன் வந்து, "இங்க ஏன் இருக்கிறீங்கள், அன்ரி?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் குடும்பத்து ஆட்களின் வரிசையில் இருத்தினான். கையில் தந்த புத்தகத்தில் உங்கள் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. இரண்டு பொடியன்கள், மூன்றாவதாக அஃபுவா. உங்களுக்கு மகள் இல்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். பக்கத்தில் மயூரி அந்தப் பெயருக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

உங்களிடமிருந்து ஒரு கெட்ட பழக்கம் எனக்கு ஒட்டிவிட்டது. போன கிழமை பிளாசாவில் வயதான மனிசி ஒருத்தி வண்டிலோடு வர, கதவை அவவின் முகத்தில் விட்டுவிட்டுப் போன ஒரு பெட்டையைக் கூப்பிட்டு, திரும்பிப் போய்க் கதவைப் பிடி என்றேன். முன்பின் தெரியாத பிள்ளை. மயூரி என் கையைக் கிள்ளினாள். "அம்மா, யூ கான்ற் டூ தற்!" பெட்டை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போய்க் கதவைப் பிடித்தாள். அதன் தாய் வந்து நீ யார் என்று என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

படிவம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. நாளைக் காலை மயூரி அதைக் கொண்டுபோக வேண்டும். உங்கள் பெயரை வெட்டிவிட்டு வேறு பெயர் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, அதற்காகக் காலையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத்தான் போகிறேன். இடியப்பத்துக்கு மா வறுத்து வைத்திருக்கிறேன். ஆனால் வெட்டுவதற்கு முதல், பனிகொட்டிய அந்த நாளில் ரெலிபோனில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நான் பதிலை மாற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்கிறீர்கள், கேளுங்கள்.

ஓம். அவ எங்கட அக்கா. பிள்ளையை அவவோட விடுங்கோ.