பிறந்த வீட்டுக் கோடி

அரியலூர், 2004

என் தங்க அம்மாவுக்கு,

கால் வீக்கம் இன்னும் வடியாமல் உன் நடு மகள் எழுதுகிறேன். நீ பிறந்த மலைக்குப் போய்விட்டு முந்தாநாள்தான் வந்து சேர்ந்தேன். திருச்சியில் விமானம் இறங்கி, பஸ் மாறி, வீட்டுக்குள் கால் வைத்ததும் உன் மருமகன் கேட்ட முதல் கேள்வி, "டீத்தூள் வாங்கிட்டு வந்தியா?" சிரிக்கவும் தெம்பில்லை, சண்டை போடவும் தெம்பில்லை. பையைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

எதற்காகப் போனேன் என்று உனக்குத் தெரியாது. நீ எங்களை விட்டுப் போன அன்றைக்கு நான் ஒரு பொய் சொன்னேன் அம்மா. மூன்று வருஷமாக அது தொண்டையிலேயே நிற்கிறது.

மீன்சுருட்டிப் பக்கம் நம் ஊரில், வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தோம். குளிப்பாட்டியாகிவிட்டது. பெண்கள் எல்லாரும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணாய்ப் பிறந்தவள் கடைசியாகப் போகும்போது பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அந்தக் கோடி மேலே விழாமல் நம் ஊரில் தூக்க மாட்டார்கள். உன்னோடு பிறந்த ஒரே தம்பியோ கடலுக்கு அந்தப் பக்கம். நீயும் அப்பாவும் கப்பலேறி இங்கே வந்தீர்கள், அவர் இலங்கையிலேயே நின்றுவிட்டார். அவரிடமிருந்து கடிதம் வந்தே பல வருஷமாகியிருந்தது.

"என்னாடி இது, பொறந்த வூட்டுக் கோடி இன்னுமா வரல?" என்றாள் எதிர்வீட்டு அஞ்சலை.

"சிலோன்காரிக்கு ஏது பொறந்த வூடு? அனாதையா வந்தா, அனாதையாப் போறா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் மருமகனை ஓரமாகக் கூப்பிட்டு, "பச்சைச் சேலையா ஒண்ணு எடுத்துட்டு வாங்க, ஓடுங்க" என்று ஜெயங்கொண்டத்துக்கு விரட்டினேன். அவர் கொண்டுவந்ததும் கடைச் சீட்டைப் பிய்த்து ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன். "எங்க மாமா போன வருஷமே ஆள் வசம் குடுத்தனுப்பிட்டாரு. பொட்டியிலதான் இருந்துச்சு. எங்கம்மா ஒண்ணும் அனாதை இல்ல, தெரிஞ்சுக்குங்க." அந்தச் சேலையோடுதான் நீ போனாய்.

ஊரை ஏமாற்றியது பற்றி எனக்குக் கவலையே இல்லை. உன்னையும் சேர்த்தல்லவா ஏமாற்றி அனுப்பிவிட்டேன்? மாமாவைக் கண்டுபிடித்து, 'நான் கொடுத்ததாகவே இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும் என்று கிடந்தேன். அங்கே சண்டை ஓய்ந்து, டிக்கெட்டுக்குக் காசும் சேர்ந்ததும் கிளம்பிவிட்டேன்.

கையில் இருந்தது ஒரு பழைய கடித உறையும் அதன்மேல் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெயரும்தான். ஹட்டனில் இறங்கி, அங்கிருந்து மலை ஏறி, லயம் லயமாக நுழைந்து கேட்டேன். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னச் சின்ன வீடுகளில் எந்த வாசலில் நின்றாலும் ஒரே பேச்சு: "ஊர்ல இருந்து ஆள் வந்திருக்கு, வாங்க வாங்க!" நீ சாகிற வரைக்கும் 'எங்க ஊர்ல' என்று அந்த மலையைத்தான் சொன்னாய். அவர்களோ பாட்டன் காலத்தில் விட்டுப்போன நம் மீன்சுருட்டிப் பக்கத்தை ஊர் என்கிறார்கள். யாருக்குத்தான் அம்மா சொந்த ஊர் காலுக்குக் கீழே இருக்கிறது?

மூன்றாம் நாள் மாமாவைக் கண்டேன். உன் மூக்கு, அதே உள்ளடங்கிய சிரிப்பு. நீ இல்லை என்பதே அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு சீறினார்: "ஒரு தந்தி அடிக்க ஒங்க ஒருத்தருக்கும் கை வரலையா?" திட்டட்டும் என்று நின்றேன். திட்டி முடித்து அழுதும் முடித்த பிறகு கோடிச் சேலைக் கதையைச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னா கலரு?" என்றார்.

"பச்சை மாமா."

தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! அவளுக்குப் பச்சையக் கண்டாலே ஆகாதே! விடிஞ்சா அடைஞ்சா மலையில இந்தப் பச்சையையே பாக்குறேன், மேலுக்கும் அதையேதான் சுத்திக்கணுமான்னு எங்கம்மாகிட்ட மல்லுக்கு நிப்பா. கப்பலுக்குப் போக ரயில் கோச்சி ஏறுற அன்னிக்குக்கூட, இனிமே இந்தப் பச்சை மூஞ்சியில முழிக்க வேணாம்னு சொல்லிட்டுத்தானே போனா!"

தீபாவளிக்குத் தீபாவளி பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் கடையைப் புரட்டிப்போட்டு உனக்குப் பச்சைதானே தேடி எடுத்தோம்? தேயிலை மலையை நினைத்து நீ ஏங்குகிறாய் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். நீயும் கண்ணில் ஒற்றிக் கட்டிக்கொண்டாய். ஏன் அம்மா, ஒரே ஒரு தடவை முகத்தைச் சுளித்திருக்கக் கூடாதா?

"சரி, அவங்களுக்கு என்னதான் புடிக்கும் மாமா?"

"புடிச்ச கலரா? அதெல்லாம் யாரு கேட்டா அந்தக் காலத்துல? ரெண்டு சேலைதான் இருந்துச்சு."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ல கேட்டா நான்தான் குடுத்தேன்னு சொல்லு. நான் குடுத்ததுதான் அது. ஆனா அக்காகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிப்புடு. கூடப்பொறந்தவன் தெரிஞ்சே பச்சைய எடுத்துட்டான்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது." அதனால்தான் அம்மா இந்தக் கடிதம். எடுத்தது நான். மாமா மேல் தப்பில்லை.

நேற்று ஊருக்குப் போய் அப்பாவைக் கேட்டேன். "அம்மாவுக்குப் பச்சை புடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அப்ப ஏன்ப்பா சொல்லல?"

"புள்ளைங்க ஆசையா எடுத்தாருதுங்க, வாயத் தொறக்காதீங்கன்னுட்டா."

"புடிச்சது எதுன்னாவது சொல்லுங்க."

"அவ சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல" என்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அசதியாக இருக்கிறது அம்மா. ஒரு கடலைத் தாண்டிப் போயும் உனக்குப் பிடிக்காத ஒன்றைத்தான் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன். பிடித்தது எது என்று சொல்ல இந்தக் கரையிலும் ஆள் இல்லை, அந்தக் கரையிலும் ஆள் இல்லை.

வருகிற படையலுக்கு உனக்குச் சேலை எடுக்க நானே போவேன். பச்சையை எடுத்துப் போட்டால் தள்ளி வைக்கச் சொல்வேன். மிச்சத்தில் எது என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்றை எடுத்து வைப்பேன். பிடிக்கவில்லை என்றால் இந்தத் தடவையாவது வாயைத் திறந்து திட்டிவிடு அம்மா. எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் மாற்றிக்கொண்டு வருகிறேன், சத்தியம்.

முப்பது வருஷம் கூடவே இருந்தும் உன்னைக் கேட்காமல் விட்ட,
உன் நடு மகள்